புதன்கிழமைச் சவரம்

"பத்து மாசமா நம்ம தெருவுலதான் குடியிருக்கு இந்த ஆளு. 'சாப்பிட்டீங்களா'ன்னு ஒரு வார்த்தை வருதா வாயில? வராது! ஏன் கத்துக்கணும்? உலகமே அவங்க இங்கிலீஷைக் கத்துக்கிட்டு அலையுதே!"

தைவானில் ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் நின்று பொரிந்து தள்ளினாள் லீச்சு. எதிர்க்கடையில் மீன் உருண்டை சூப் விற்பவள். திட்டு வாங்கிய அமெரிக்கர் ஹார்லன், மூன்றடி தள்ளி நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் வெந்நீரில் நனைத்த சுடுதுண்டோடு சுகமாகக் கிடந்தார்.

"மெதுவாப் பேசுடி," என்றாள் கடைக்காரி பீயுன்.

"எதுக்கு மெதுவா? கத்தினாலும் புரியப்போறதில்ல. என் கடைக்கு வந்தா விரலைத்தான் நீட்டும். அந்த விரல் மேலயே சூப்பை ஊத்திடலாமான்னு வருதுக்கா எனக்கு!"

அவள் போனதும் பீயுன் சவரக்கத்தியை எடுத்தாள்.

ஹார்லனுக்குத் தைவான் பேச்சு வராததில் பீயுனுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புருஷன் செத்த கையோடு அவளுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. "நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. எல்லாம் பயம். பயப்படப் பயப்படத்தான் நடுங்கும்," என்றுவிட்டார் டாக்டர். அந்தத் தெரு ஆண்கள் முடிவெட்ட வருவதே, கடைசியில் சுடுதுண்டு போட்டு முகம் மழிக்கிற சுகத்துக்குத்தான். கத்தி பிடிக்காத கடைக்கு எவன் வருவான்? கை நடுங்குகிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கமே தலை காட்டமாட்டான். இருபத்தாறு வருஷக் கடை. அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. "கத்தி சாணைக்குப் போயிருக்கு" என்று புளுகிப் புளுகி நாளை ஓட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு மேல்மாடியில் ஹார்லன் குடிவந்தார். வந்த அன்றே கடைக்குள் நுழைந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பீயுன் விட்டால்தானே!

"ஐயா, உங்களுக்கு ஒண்ணும் புரியாது, அந்தத் தைரியத்துல சொல்றேன். என் கை நடுங்குது. யார்கிட்டயும் சொல்ல முடியல. உங்க மேல கத்தி வெச்சுப் பார்க்கட்டுமா? கழுத்துல கீறிட்டாலும் நீங்க போய்த் தெருவுல சொல்ல முடியாது பாருங்க!"

அவர் வாயை மூடிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மோவாயைத் தூக்கிக் கொடுத்தார்.

புரியாதவனுக்குப் பயம் ஏது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு இரண்டு கீறல். அடுத்த புதனுக்கு ஒன்று. அப்புறம் புதன் தவறாமல் வந்தார். "இன்னிக்குத் தேவலை ஐயா", "இன்னிக்கு மோசம், பார்த்துக்குங்க" என்று அவளும் வாரா வாரம் கொட்டித் தீர்ப்பாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "ஓகே."

ஆறாம் மாதம் கை நடுக்கம் நின்றுவிட்டது. "கத்தி சாணையிலேருந்து வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு பழைய ஆட்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

இப்படி லீச்சு திட்டிய மறுநாள், தைதுங் ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் சீத்தாப்பழப் பெட்டியோடு கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாடியில ஹார்லன் இல்லையேம்மா. இதை இங்க வெச்சுட்டுப் போகட்டுமா?"

"வைங்க. ஆனா நீங்க வந்ததை அவருக்கு எப்படிச் சொல்றது? நம்ம பேச்சு ஒரு வார்த்தை தெரியாதே அவருக்கு."

பெரியவர் சிரித்த சிரிப்பில் பெட்டி குலுங்கியது.

"யாருக்கு, ஹார்லனுக்கா? ஒன்பது வருஷம் எங்க வீட்டு மாடியிலதாம்மா இருந்தார். கோயில் கூட்டத்துல பேச எழுந்தார்னா, உட்கார வைக்கறதுக்குள்ள எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிடும். என் சம்சாரமே அவர்கிட்ட வாய்ச்சண்டையில ஜெயிச்சதில்ல!"

அவர் போனதும் பீயுன் தன் நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். பத்து மாசமாக உளறியதெல்லாம் நினைவுக்கு வர, முகம் சிவந்தது. போதாக்குறைக்கு லீச்சுவின் திட்டு வேறு! அப்புறம் அந்த முதல் நாள், பேச வாயெடுத்தவர் அப்படியே மூடிக்கொண்டு மோவாயைத் தூக்கிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பெட்டியைக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் இருந்துவிட்டாள்.

புதன்கிழமை ஹார்லன் வந்து உட்கார்ந்தார். எதிர்க்கடையிலிருந்து லீச்சு குரல் கொடுத்தாள். "அக்கா, நீயாவது அதுக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடேன்!"

"உன் சூப்பு பொங்குது, அதைப் போய்ப் பாருடி!"

பீயுன் கத்தியை எடுத்தாள். கை மறுபடி நடுங்கியது. ஆனால் இந்தத் தடவை பயத்தால் இல்லை.

"ஐயா, இன்னிக்கு ரொம்ப நடுங்குது. கழுத்து பத்திரம்."

"ஓகே," என்றார் ஹார்லன். கண்ணை மூடி, மோவாயை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.