நகராத சிக்னல்

கண்ணாடி விரியனின் உடலில் பொருத்திய ரேடியோ கருவி, நான்கு நாட்களாக வேணுவின் நெல்வயலில் ஒரே இடத்திலிருந்து சிக்னல் தந்தது. பாம்பு ஆராய்ச்சி மாணவி கோதாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"உண்மையைச் சொல்லுங்கண்ணா. அடிச்சுப் புதைச்சுட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் உள்ள விடமாட்டேங்கறீங்க? ரெண்டு வருஷமா சத்தியவேடு முழுக்க அது பின்னாடி அலைஞ்சிருக்கேன்!"

வரப்பை மறித்து நின்ற வேணுவை விலக்கிக்கொண்டு அவள் காலெடுத்து வைத்தாள். அவர் பதறிக் கையைப் பிடித்தார்.

"மெதுவா பேசுங்க மேடம். ஊர்ல தெரிஞ்சா கம்பெடுத்துக்கினு வந்துடுவாங்க. சூலோட படுத்துக்கினு இருந்துச்சு. காலைலதான் குட்டி போட்டுது."

கோதா எட்டிப் பார்த்தாள். வயல் முழுக்க அறுவடை முடிந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும், இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு, கதிர்கள் அறுபடாமல் நின்றன.