ஆயிரத்துக்குப் பிறகு நாலு

நகராட்சி அதிகாரி மர்லிஸ், மழலையர் பள்ளி வாசலிலிருந்து அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வருகிறாள். அடிக்கு ஒரு தரம் அது டிக் என்கிறது. பள்ளிக்கும் கவர்ச்சி நடன விடுதிக்கும் இடையே, வாசலுக்கு வாசல், ஆயிரம் அடி இருக்க வேண்டும். ஓர் அடி குறைந்தாலும் பூட்டுதான். போன வருடம் என் விடுதியைப் பூட்டியதும் இதே சக்கரம். சந்துப் பக்கம் இருந்த வாசலை, விளக்குத் தோரணம் மாட்டும் ஆசையில் நானே முன்பக்கம் மாற்றியிருந்தேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. பூட்டிய பிறகு கதவை மாற்றினால் செல்லாதாம். இன்று போட்டி விடுதிக்காரி லொரெய்னின் முறை. அவளுடைய கதவு இன்னும் சந்திலேயே, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, கெட்டிக்காரி. தெருவோரப் பனி மார்ச் வெயிலில் சொட்டுகிறது. அவளுடைய நடனக்காரிகள் நாலு பேர் தடித்த கோட்டுகளுக்குள் கைகோத்து நிற்கிறார்கள். "என்ன வேர்ன், துக்கம் விசாரிக்க வந்தியா?" என்று என்னைக் கேட்கிறாள் லொரெய்ன். "மலர்வளையம் வண்டியில இருக்கு. அளந்து முடியட்டும்" என்கிறேன். சிரிக்கிறாள். குறையட்டும், ஓர் அடியாவது குறையட்டும் என்று ஒவ்வொரு டிக்குக்கும் வேண்டிக்கொள்கிறேன். சக்கரம் சந்துக்குள் திரும்பிக் கதவில் முட்டி நிற்கிறது. மர்லிஸ் குனிந்து பார்க்கிறாள். "ஆயிரத்து நாலு." யாரோ முதலில் கைதட்டுகிறார்கள். பார்த்தால், என் கைகள். வயிற்றெரிச்சல், பாவம், சற்றுப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது.