காதுப் புண்

வியாகுலம்மாள் ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே பல் பதிந்த வடு கறுத்துக் கிடந்தது.

"இந்த நாயா கடிச்சது?" மேஸ்திரி சுப்புராஜின் முகம் மலர்ந்தது.

"இதேதான். வந்த அன்னிக்கு சதையோட இஸ்துகினு போச்சு."

"பேஷ்! இந்த மாதிரிதான் வோணும்."

கம்பிக் கதவுக்குப் பின்னால் கறுப்பன் உறுமியது. கார்ப்பரேஷன் நாய் வண்டியில் சாகப் போனதை ஒரு துரைசானி மீட்டு, ராயபுரத்தில் அவள் நடத்தும் இந்த நாய்க் கொட்டகையில் விட்டிருந்தாள். உடம்பெல்லாம் சொறி, காதில் சீழ். துரைசானியின் இரக்கம் சித்திரை வெயில் தாங்காமல் ஊட்டிக்குப் போய்விட்டது. சொறியும் சீழும் வியாகுலம்மாள் கைக்கு வந்தன. தேறிய நாயை யாருக்குக் கொடுப்பது என்பதும் அவள் பொறுப்பு.

சுப்புராஜ் தோல் கிடங்குக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். கூலியைக் குறைத்ததும் கிடங்கு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து அவன் கொண்டுவந்த புது ஆட்களால் உள்ளே நுழைய முடியவில்லை. மறித்து உட்கார்ந்தவர்களில் வியாகுலம்மாளின் புருஷன் அம்புரோசும் ஒருவன்.

அது சுப்புராஜுக்கும் தெரியும். "இன்னாம்மே, இத்த உன் வூட்டுக்காரன் மேலதான் மொதல்ல ஏவப் போறேன். பரவால்லியா?"

"வேலைக்குப் போவாத ஆம்பளைய நாய் கடிச்சா இன்னா, பேய் அடிச்சா இன்னா?"

சுப்புராஜ் தொடையைத் தட்டிச் சிரித்தான். வயிறு காய்ந்தால் இந்தக் கும்பல் எதையும் கொடுக்கும் என்று அவன் எப்போதும் சொல்வதுதான்.

குனிந்து நாயைப் பார்த்தான். சொறி இருந்த இடமெல்லாம் புது மயிர் பளபளத்தது. "ஒரே கலீஜா கீதுன்னாங்க. எப்டி தேத்தினே?"

"கந்தகமும் புங்கெண்ணெயும் தடவி, கஞ்சி ஊத்தித்தான். லேசுல தொட வுடாது மேஸ்திரி. ஆளுங்க சேந்து அமுக்கிப் புடிச்சுக்கணும்."

"அத்தினி ஆளுக்கு எங்க போனே?"

"வேலை இல்லாத ஆளுங்களுக்கு நம்ம தெருவுல இன்னா பஞ்சமா?"

"ஆமாமா, நாய்க்கு எண்ணெய் தடவத்தான் லாயக்கு." காறித் துப்பினான்.

வியாகுலம்மாள் சங்கிலியோடு ஒரு குப்பியையும் நீட்டினாள். "சொறி ஆறிடுச்சு. காதுப் புண்ணுதான் உள்ள இன்னும் ஈரமா கீது. தெனம் ரெண்டு சொட்டு மருந்து வுடணும். வுடலேன்னா மறுபடி சீழ் புடிச்சிக்கும்."

"நாய் காதுக்கு நான் வைத்தியம் பாக்கணுமா? நல்லா கீதே நாயம்!" குப்பியைச் சாக்கடையில் எறிந்தான்.

அவள் குப்பி விழுந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கறுப்பனின் நெற்றியில் ஒரு தட்டு தட்டி, "போயிட்டு வா" என்றாள்.

மேஸ்திரிக்கும் ஒரு வைத்தியம் தெரியும். கிடங்குக்குப் பின்னால் சங்கிலியை இறுக்கிக் கட்டினான். சோறு போடவில்லை. வெறி ஏறட்டும் என்று போகும்போதும் வரும்போதும் பிரம்பால் குத்தினான்.

அடுத்த வாரம் புது ஆட்களை வரிசையாக நிறுத்திவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"எந்திரிச்சுப் போறீங்களா, அவுத்து வுடவா?"

ஒருவரும் அசையவில்லை. முன் வரிசையில் அம்புரோஸ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"புடிறா அவன!"

சங்கிலி கழன்றதுதான் தெரியும். கறுப்பன் பாய்ந்து அம்புரோஸின் மார்பில் விழுந்தது. அவன் மல்லாந்து மண்ணில் சாய்ந்தான். புது ஆட்களில் ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டான். சுப்புராஜ் சிரித்தான்.

அம்புரோஸ் கிடந்தபடியே, தன் முகத்தை நக்கிய நாயின் காதைப் புரட்டி உள்ளே பார்த்தான். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள்.

"இன்னா மேஸ்திரி, காதுக்கு மருந்தே வுடலியா?"