நரைத்த மட்காட்

மாம்புரியில் கடற்காற்று தென்னோலைகளைச் சலசலக்க வைக்கிற முற்பகல். வீட்டுக்குப் பின்னால், இப்ஹாம் மணலில் ஓட்டித் திரிந்த நாலு சில்லில் உருளும் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அவன் மௌத்தாகி அடக்கமான பிறகு வெயிலிலேயே கிடந்து, அதன் சிவப்பு பிளாஸ்டிக் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. இனி அதை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட வேண்டும். இப்ஹாமை ‘நானா’ என்று அழைக்கும் தம்பி இன்சாப், சூடான காற்று ஊதும் கருவியை அதன்மேல் மெல்ல நகர்த்துகிறான். காற்று போகிற வழியெல்லாம் வெள்ளை கரைந்து, பழைய சிவப்பு ஈரம்போல மேலே வருகிறது. இப்ஹாமின் மனைவி ஷிஹாரா தண்ணீர் வாளியோடு பார்த்து நிற்கிறாள். கடைசியாக வலது சில்லின் மேல் சேறு தடுக்கும் மட்காட்டின் ஓரத்தில் சூடு பட்டதும் தேங்காயெண்ணெய் வாசம் எழுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்குமுன் தலையில் எண்ணெய் தேய்த்த கையோடு இப்ஹாம் இதையும் தேய்ப்பான். பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் அது பளபளக்கும்.

"நிப்பாட்டுங்க தம்பி."

"பழைய எண்ணெய்ப் பிசுக்குத்தான் மதினி. இன்னும் கொஞ்சம் சூடு காட்டினா வாசம் போயிரும்."

"அதுக்குத்தான் நிப்பாட்டச் சொல்றன்."

"ஒரு கன்னத்துல மட்டும் பவுடர் போட்ட மாப்பிள போல இரிக்கும். வெள்ளக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். ஒங்கட நானாவுக்கும் தலையில ஒரு பக்கந்தானே நரைச்சிருந்திச்சி."

இன்சாப் கருவியை அணைக்கிறான். இரைச்சல் அடங்கியதும் தென்னோலைச் சத்தம் திரும்பி வருகிறது. ஷிஹாரா வாளியைக் கீழே வைத்துவிட்டு, வெளுத்த மட்காட்டின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். அது இன்னும் இளஞ்சூடாக இருக்கிறது.