லண்டன் துரைக்கு விருந்து

"பாஷா, லண்டன் துரைக்கு இன்னிக்குப் பன்னித் தொடை. பெங்களூர்லேர்ந்து வரவழைச்சிருக்கேன். இந்த ஸ்லோ குக்கர்ல எட்டு மணி நேரம் வேகணும். அவரு மனசு குளிர்ந்தாத்தான் ஆர்டர் கெடைக்கும்" என்றார் தோல் தொழிற்சாலை முதலாளி பரந்தாமன்.

சமையல்காரர் மஹபூப் பாஷாவால் மறுக்க முடியவில்லை. அவருடைய இரண்டு மகன்களுக்கும் அங்கேதான் வேலை. பகல் முழுவதும் சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் துரையே வந்து கதவைத் தட்டினார். பாஷாவுக்குப் புரியும்படி மெல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

"நான் யூதன். பன்றி தொடமாட்டேன். உங்கள் முதலாளி ஆசையாக வாங்கியிருப்பதாகச் சொன்னார். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை."

பாஷா குக்கர் மூடியைத் திறந்தார். தெரிந்த ஆங்கிலத்தில் அவரும் சொன்னார்.

"தைரியமா சாப்பிடுங்க சார், ஆட்டுத் தொடைதான். பன்னியக் காலையிலயே தோட்டத்துல பொதைச்சுட்டேன்."