வெள்ளைக்குட்டிக்கு வைத்த பெயர்

நாய்க்குட்டிகள் விற்கும் கடையில், அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு குட்டிகள் இருந்தன. ஒன்று அப்பழுக்கில்லாத வெள்ளை ராஜபாளையம். மற்றது ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது தொங்கிய கலப்பினம்.

"எங்க அப்பா, தாத்தா எல்லாரும் அச்சு அசலா என்னை மாதிரியேதான். நீ வளர்ந்தா எப்படிடா இருப்பே?" என்றது வெள்ளை.

"எனக்கே தெரியாதுண்ணே. வளர்ந்துதான் பாக்கணும்."

வெள்ளை விழுந்து விழுந்து சிரித்தது.

ஒரு குடும்பம் வந்தது. சிறுமி கலப்பினத்தைத்தான் கேட்டாள். அவள் அம்மாவோ வெள்ளையைக் கண்டதும் அழுதுவிட்டாள். "அப்படியே நம்ம சீசர்! திரும்பி வந்துட்டான்!"

வெள்ளை பெருமையோடு காரில் ஏறியது.

அந்த வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படம் ஒன்று. அதில் தன் முகமே வளர்ந்து நிற்பதைக் கண்டு குட்டிக்கு உடம்பு சிலிர்த்தது.

"யாரு நீங்க?"

"சீசர்," என்றது படம்.

"எனக்கும் அந்தப் பேர்தான் வெச்சிருக்காங்க."

"எனக்கு முன்னாடி இருந்தவனுக்கும் அதேதான். பயப்படாதே, கண்ணு. கொஞ்ச நாள்தான். அப்புறம் நீ யாரு, நாங்க யாருன்னு உனக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியாது."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "சீசர், சாப்பிட வாடா!"

போகக் கூடாது, அது நான் இல்லை என்று குட்டி நினைத்தது. நினைக்கும்போதே கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பளிங்குத் தரையில் அதன் நகச் சத்தத்தோடு இன்னும் பல நகங்களின் சத்தம் சேர்ந்து ஓடியது.