திறக்காத கதவு

ஜன்னலோரம் கட்டடக்கலைப் பேராசிரியர், பக்கத்தில் நிதியியல் பேராசிரியை, எதிரே நாற்காலி நுனியில் ஆய்வு மாணவி.

அக்கம்பக்கத்தார் பழகினால் வீட்டு மதிப்பு உயருமா என்பது அவளுடைய ஆய்வு. விதிப்படி தெருவின் பெயரையும் வீட்டுக்காரர்களின் பெயர்களையும் மறைத்திருந்தாள். இந்த இருவரின் ஒப்புதல் கிடைக்காவிட்டால் படிப்பு அவ்வளவுதான்.

“ஒரு வீடு விட்டுப்போச்சே?” என்றார் பேராசிரியர்.

“கதவையே திறக்கல சார். ‘வேற வேலை இல்லையா’ன்னு உள்ளேயிருந்தே கத்தினார்.”

பேராசிரியை சிரித்தார். “யாரும்மா அந்த மகராசன்? அவராலயே தெருவோட மதிப்பு இறங்கியிருக்கும்!”

“பேரு சொல்லக் கூடாதே மேடம்...”

“அவர் பேசினாத்தான் ஆய்வு முழுமையாகும்,” என்றார் பேராசிரியர். “கடிதம் எழுதும்மா, நானும் கையெழுத்துப் போடறேன். பதில் வந்ததும் ஒப்புதல்.”

மாணவி கடிதத்தை எழுதி அவரிடம் நீட்டினாள். அவர் கையெழுத்திட்ட கடிதத்தை உறையிலிட்டு ஒட்டினாள். பேராசிரியரின் வீட்டு முகவரியையே அதன்மேல் எழுதித் தபால் பெட்டியில் போட்டாள்.